கடலைப் பரிசோதிக்க இருவர் நியமனம்

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தனுக்கு ஊர் கொடுக்கும் தண்டனை, அவனை எல்லாக் குழுக்களுக்கும் செயலாளராக்குவது. நான் முப்பத்தைந்து வருடம் பிரதேச செயலகங்களில் கடமையாற்றி, நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன். பேனையைத் திறந்தால் அது "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தானாகவே தொடங்கும். ஆகவே பள்ளிவாசலும் மீனவர் சங்கமும் சேர்ந்து ஊருக்கு ஓர் அனர்த்தக் குழு அமைத்தபோது, நான் அந்தக் கூட்டத்துக்குப் போகாமலே செயலாளராகத் தெரிவாகியிருந்தேன். போயிருந்தால், முறைப்படி அழைப்பு அனுப்பவில்லை என்று கூட்டத்தையே செல்லாததாக்கியிருப்பேன். அது தெரிந்துதான் அழைப்பு அனுப்பவில்லை.

நான் பிறந்தது கல்முனை. பெண் எடுத்தது ஒலுவிலில். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது; ஆண் ஒரு பெட்டியோடு போய்ச் சேர வேண்டியவன். நாற்பது வருடமாக நான் மனைவியின் வீட்டில் நல்லொழுக்கத்தின் பேரில் தங்கியிருக்கிறேன். அதே வளவில் மகளுக்கு ஒரு வீடு கட்டினோம். அந்த வீட்டுக்குப் பொத்துவிலிலிருந்து ஒரு மருமகன் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டியோடு ஒரு பலகையும் வந்தது.

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு "ஃபைபர் வேலை" என்றார்கள். படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். படகுகளுக்கும் ஒட்டினார்தான். ஆனால் அதைவிட அதிகமாக, அறுகம்பேக்கு வருகிற வெள்ளைக்காரர்களின் உடைந்த அலைச்சறுக்குப் பலகைகளுக்கு ஒட்டினார். ஒட்டாத நேரத்தில் அவற்றின்மேல் ஏறி அலையில் நின்றார். இது எனக்கு நிக்காஹ் முடிந்த பிறகே தெரியவந்தது. எந்தப் படிவத்திலும் "வேறு தொழில்கள் இருப்பின் குறிப்பிடுக" என்று ஒரு நிரல் இருக்கும். அதைக் கேட்கத் தவறியது என் சேவைக்காலத்தின் ஒரே பிழை.

அறுகம்பேயின் சீசன் மாரி மழை தொடங்குவதோடு முடிந்துவிடும். வெள்ளைக்காரர்கள் போனதும் மருமகன் எங்கள் வளவுக்குத் திரும்பிவந்து, முற்றத்தில் குந்தியிருந்து கடலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதாவது பேசினால் அது ஒரே விஷயமாகத்தான் இருக்கும்.

"மாமா, நம்மட ஊருலயும் ஒரு அல இரிக்கி."

துறைமுகத்து அலைதடுப்புக் கல்வரிசைக்குத் தெற்கே, தண்ணீருக்கடியில் ஒரு மணல்மேடு உண்டு. வடக்கிலிருந்து மிகப் பெரிய கடல் புறப்பட்டு வந்தால் மட்டும், அது கல்வரிசையைச் சுற்றி வளைந்து அந்த மேட்டின்மேல் ஒழுங்காக உடைந்துகொண்டு போகுமாம். கல்யாணம் முடித்த முதல் வருடம், கையில் பலகை இல்லாத ஒரு காலையில் அவர் அதைக் கண்டாராம். அதன் பிறகு எந்த மாரியிலும் அது வரவில்லை. அறுகம்பேயில் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லியிருக்கிறார். கடையிலிருந்த கூட்டாளிகள் சிரித்தார்கள். பெண்டாட்டி ஊரைப் புகழ்ந்து பேசாத புதுமாப்பிள்ளை எங்கே இருக்கிறான் என்றார்கள். புதுமாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. எங்காவது அலை இல்லாவிட்டால், "மச்சான், ஒன்ட மாமியா ஊட்டு அல எப்பிடி இரிக்கி?" என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

அவரை நம்பியது உலகத்தில் ஒரே ஒருவர். ஸ்பெயின் நாட்டுப் பல் வைத்தியர், ஐம்பது வயது, சீசனுக்குச் சீசன் மருமகனிடம் பலகை ஒட்டக் கொடுப்பவர். அந்த மாரியில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகி, சூறாவளியாகும் என்று செய்தி வந்ததும், மருமகன் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். மூன்றாம் நாள், கூரையில் இரண்டு பலகை கட்டிய ஒரு முச்சக்கர வண்டி எங்கள் படலைக்கு முன்னால் நின்றது. வெளிநாட்டவர் தங்கினால் நிரப்ப வேண்டிய படிவத்தை நிரப்பினேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று அரை மணிநேரம் யோசித்து, "அவதானிப்பு" என்று எழுதினேன்.

அவதானிப்பு எட்டு நாள் நீடித்தது. மழையில் வீட்டுக்குள் இருக்கிற பல் வைத்தியரை எங்கள் ஊர் சும்மா விடுமா? முதலில் என் மனைவி கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டு ராத்தா வந்தார். நான்காம் நாள் விறாந்தையில் வரிசை நின்றது; நான் இலக்கம் கொடுத்தேன். அவர் ஒரு வாயைப் பார்ப்பார், பிறகு கைத்தொலைபேசியைப் பார்ப்பார், பிறகு அடுத்த வாயைப் பார்ப்பார். தொலைபேசியில் கடலின் வரைபடம் ஒன்று நிறம் மாறிக்கொண்டிருந்தது. என் கையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை. அதில் சிவப்பு என்றால் எங்களுக்கு அபாயம். அவருடைய படத்தில் சிவப்பு ஊதாவாக மாறினால் அவருக்குப் பெருநாள். ஒரே சூறாவளிக்கு இரண்டு ஃபைல் கோவைகள் திறந்திருந்தன.

"அங்க ஆர்ட கூரைய அது கழட்டப் போகிதோ தெரியா," என்றாள் மனைவி. "இஞ்ச இவங்க ரெண்டு பேரும் கலியாண ஊட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி இரிக்காங்க."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என்ன சொன்னாள் என்று பல் வைத்தியர் கேட்டார். உங்கள் சேவையை அவள் பாராட்டுகிறாள் என்று நான் மொழிபெயர்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவி விசேட துஆ கேட்டார். மழையும் காற்றும் எங்கள்மேல் இறங்காமல், எங்களைச் சுற்றி, மக்கள் இல்லாத இடங்களில் இறங்கட்டும் என்பது அந்த துஆவின் சாரம். பள்ளிவாசல் நிறைய ஆட்கள். "ஆமீன்" என்ற சத்தம் எழும்போது, எனக்கு இடப் பக்கத்திலிருந்து வந்த ஒன்று மற்றவற்றைவிட ஒரு முழம் உயர்ந்து கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மருமகன்.

வெளியே செருப்புத் தேடும்போது கேட்டேன். "என்ன மருமகன், இண்டைக்கு ஆமீன் பெலமா இருந்திச்சி?"

"துஆ நல்ல துஆ மாமா."

"எந்த இடம் நல்லம்?"

"சுத்தி எண்டு சொன்னாரே, அந்த இடம்."

காற்று எங்கள்மேல் வராமல் சுற்றிப் போனால், அலை மட்டும் வந்து சேரும். அலை தேடுகிறவனுக்கு இதைவிடத் திருத்தமாக வரைந்த விண்ணப்பம் கிடைக்காது. பத்து மைல் சுற்றளவுக்கு அத்தனை ஈமான்தாரிகளும் தங்களை அறியாமல் அவருக்காகக் கை ஏந்தியிருந்தார்கள். நானும்தான்.

அன்று பின்னேரம் எனது கடமையைச் செய்தேன். கடல் ஒருமுறை எங்கள் ஊருக்குள் வந்து போயிருக்கிறது. அதன் பிறகு கடலைப் பற்றிய அறிவித்தலை இங்கே யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. முந்திய ஒரு மாரியில் "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று எழுதியபோது, ஒருவர் கரைவலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தான் கடலுக்குச் செல்லவில்லை, கடல்தான் தன்னிடம் வந்தது என்று வாதாடினார். இந்தத் தடவை எந்த ஓட்டையும் விடக்கூடாது என்று தீர்மானித்தேன். மூன்று வரைபுக்குப் பிறகு வந்தது இது: மீன்பிடிக்காகவோ, குளிப்பதற்காகவோ, வேறு எந்த நோக்கத்துக்காகவோ, எவரும், எவ்வகையான மிதக்கும் பொருளின் துணையோடும், குழுவின் மறு அறிவித்தல் வரை கடலில் இறங்குதல் ஆகாது. குழுவிலும் இருக்கிற பள்ளிவாசல் மோதினார் ஒலிபெருக்கியில் இரண்டு தடவை வாசித்தார். பிரதிகள் கரையிலுள்ள ஒவ்வொரு மீன்வாடிக் குடிசையிலும் ஒட்டப்பட்டன. மருமகன் எனக்காகப் பசை கரைத்துத் தந்தார். "மிதக்கும் பொருள்" என்ற இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் தங்கியதைக் கண்டேன்.

சூறாவளி எங்களைத் தொடாமல் வடக்கே போனது. கடலுக்கு அப்பால் வேறொரு கரையில் ஏறி, வேறு யாருடைய ஊரையோ பிரட்டிப் போட்டது. தொலைக்காட்சியில் ஓர் ஆள் கழுத்தளவு தண்ணீரில் ஆட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, கொடுத்தனுப்பப் போர்வைகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுது வெளியே வரும்போதே வித்தியாசம் தெரிந்தது. மழை இல்லை. மாரியில் அடிக்காத கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெதுவாக அடித்தது. கடலின் சத்தம் வழமையான இரைச்சலாக இல்லை. ஒரு பெரிய கதவை யாரோ இழுத்து அடைப்பது போல ஒரு சத்தம். பிறகு நெடுநேரம் அமைதி. மறுபடி ஒரு கதவு.

வீட்டுக்கு வந்தால் பல் வைத்தியர் படலையில் பலகையோடு நிற்கிறார். மறுநாள் அவருக்கு விமானம். தொலைபேசிப் படத்தின்படி இந்த அலை மாலையில் செத்துவிடும். மருமகனும் பலகையோடு நிற்கிறார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் நிக்கிறீங்க?" என்றேன்.

"மறு அறிவித்தல் இன்னும் வரல்லியே மாமா," என்றார் மருமகன்.

அதில் நக்கல் இருக்கிறதா என்று முகத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. முப்பத்தைந்து வருடச் சேவையிலும் ஓய்விலும், நான் எழுதிய ஓர் அறிவித்தலை ஒருவர் முழுதாக மதித்தது அதுவே முதல் தடவை. அது எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

மூவரும் கரைக்குப் போனோம். அங்கே மீனவர் சங்கத் தலைவர் தன் தோணியில் சாய்ந்துகொண்டு நின்றார். அவரைச் சுற்றி இருபது பேர். ஐந்து நாளாகத் தோணிகளைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவர்கள். அவர்களுக்கு அப்பால், கல்வரிசையின் முனையைச் சுற்றிக்கொண்டு ஓர் அலை எழும்பி, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பாய் சுருட்டுவது போலச் சுருண்டுகொண்டே போனது. மருமகன் சொன்ன அதே இடம். பல் வைத்தியர் வாயைத் திறந்தபடி நின்றார்; பல்லெல்லாம் நல்ல நிலையில் இருந்தன.

தலைவர் பலகைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், வேறு எந்த நோக்கத்துக்காகவும் எண்டு நோட்டீசுல எழுதினது நீங்க தானே?"

"ஓம்."

"அதுக்கு என்ன கருத்து சேர்?"

"எந்த நோக்கமும் எண்டுதான்."

"அப்ப விளாட்டு?"

"அதுவும் ஒரு நோக்கம்தான்."

"எங்களுக்குத் தொழிலுக்குப் போக ஏலா. ஒங்கட மருமகனுக்கு மட்டும் கடல் தொறந்து கெடக்கா?"

நியாயமான கேள்வி. மருமகன் பலகையை மணலில் படுக்க வைத்தார். அந்தச் செயல்தான் என்னைத் தள்ளியது. இத்தனை வருடம் சிரிப்புக்கிடமான மனிதர், தன் சொல் மெய்யென்று கண்முன்னே அலை அலையாக எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டு, என் மூன்றாம் வரைபுக்காகச் சும்மா நிற்கிறார்.

"தலைவர், தடையை நீக்கிறதெண்டா என்ன செய்ய வேணும்?" என்றேன்.

"குழு கூடணும்."

"குழுவுக்குக் கோரம் மூணு பேர். நீங்க ஒண்டு, நான் ஒண்டு, அந்தா மோதினார் வாறார். கூடியாச்சு. சரி, கடல் நல்லமா இல்லியா எண்டு தெரியாம எப்பிடி நீக்கிற?"

"பாத்தாத் தெரியும்தானே."

"கரையில நிண்டு பாக்கிறது அபிப்பிராயம். எறங்கிப் பாக்கிறதுதான் கள ஆய்வு. கள ஆய்வு இல்லாம எந்தத் தடையையும் நீக்கேலா. ஆய்வுக்குத் தகுதியான ரெண்டு பேர குழு நியமிக்கலாம்."

தலைவர் மணலைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது.

"இது கள்ளம் சேர்."

"கள்ளம் இல்ல. நடைமுறை."

"சரி. அப்ப நான் ஒரு நிபந்தன போடுறன். எழுதிக்கங்க." அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "மருமகன், நீங்க போய்ப் பாத்திட்டு வந்து, தோணி எறக்கலாம் எண்டு சொன்னா நாங்க அந்த நிமிசமே எறக்குவம். ஏலா எண்டு சொன்னா, ஒங்களுக்கும் ஏலா. வெள்ளக்காரரையும் ஏத்திட்டு வரணும். ஒங்கட சொல்லுதான் அறிக்க. வெளங்கிச்சா?"

"ஓம் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மருமகன்.

வாடியில் ஒட்டியிருந்த ஒரு பிரதியைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் நியமனத்தை எழுதினேன். மோதினார் வழிமொழிந்தார். எதை வழிமொழிகிறார் என்று அவர் கேட்கவில்லை.

இருவரும் கல்வரிசையின் ஓரமாகப் பலகையில் படுத்து, கையால் துழாவித் துழாவி வெளியே போனார்கள். முதல் அலையைப் பல் வைத்தியர் எடுத்தார். எழும்பி நின்றதும் அது அவரை வேரோடு பிடுங்கி எறிந்தது. அவருக்குப் பழக்கமான சிகிச்சைதான், இந்தத் தடவை மறுபக்கத்திலிருந்து. கரையில் சிரிப்பு எழுந்தது. மருமகன் ஓர் அலையை விட்டார். இன்னொன்றையும் விட்டார்.

"பயந்திட்டான்," என்றார் ஒருவர்.

"இல்ல," என்றார் தலைவர். "அலைய எண்ணுறான். நாமளும் அப்பிடித்தானே எறக்கிற."

மூன்றாவதை எடுத்தார். அது வீட்டு ஓட்டைவிட ஓர் ஆள் உயரம் கூட. முனையிலிருந்து இறங்கி, பலகை ஒரு கோடு கிழித்துக்கொண்டு தெற்கே வந்தது. எங்களைக் கடந்து போனபோது முகம் தெரிந்தது. மகளின் நிக்காஹ் அன்றுகூட அவரிடம் நான் பார்த்திராத ஒரு முகம். அலை அவருக்குப் பின்னால் சுருண்டு சுருண்டு விழ, அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மூன்றாவது வாடிக்கு நேரே அலை உயிர்விட்டதும், பலகையில் இருந்தபடியே திரும்பி, தான் தொடங்கிய இடத்தை ஒருமுறை பார்த்தார்.

நான் அவர் தொடங்கிய இடத்துக்கு நேரே போய், கரையோரமாக எட்டு வைத்து அளந்து நடந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. நடந்து முடிந்தபோது அவர் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, தலைவருக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் அடுத்த அலை, எடுத்ததைவிட அழகானது, ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்க," என்றார் தலைவர். "எறக்கலாமா?"

இருபது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஐந்து நாள் காத்திருப்பு. ஆகும் என்றால் அந்தக் கணமே தோணியைத் தள்ளிவிடுவார்கள். ஆகும் என்றால் அவரும் மாலைவரை கடலில் நிற்கலாம். மருமகன் திரும்பிக் கடலைப் பார்த்தார். ஓர் அலை வந்து விழும்வரை பார்த்தார்.

"ஏலா காக்கா. மேட்டுல விழுகிற நேரம் அடி மணல் தெரியிது. தோணி குத்திட்டு நிண்டு பிரளும். ஒண்டும் மிஞ்சாது."

"எனக்கும் தெரியும்," என்றார் தலைவர். "அந்த மேட்ட நாங்க ஏசாத நாள் இல்ல. நீங்க சொல்றீங்களா எண்டு பாத்தன்."

மருமகன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து, பல் வைத்தியரை ஏறும்படி கையைக் காட்டினார். பல் வைத்தியர் ஏறினார். ஏன் என்று கேட்டார். மருமகன் விளக்கினார். எட்டு நாள் வாய்களைப் பார்த்தவர், அன்று பகல் முழுவதும் மணலில் உட்கார்ந்து, ஒருவரும் ஏறாத அலைகளைப் பார்த்தார். மருமகன் அவருக்குப் பக்கத்தில். பிறகு தலைவரும் வந்து உட்கார்ந்தார். என் மனைவி மூன்று பேருக்கும் சோறு கொடுத்தனுப்பினாள்.

"மாமா," என்றார் மருமகன், நான் சோற்றை வைக்கும்போது, "இது அங்க ஊட்ட ஒடச்ச காத்துட மிச்சம்தானே?"

"ஓம்."

"இவ்வளவு வடிவா வருகிது," என்றார். பிறகு சாப்பிடத் தொடங்கினார்.

பின்னேரம் கடல் இறங்கியது. தடையை நீக்கினோம். விடியலில் தோணிகள் போயின. பல் வைத்தியரும் போனார். போகுமுன் நெஞ்சில் கை வைத்து மருமகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இந்த அலையைப் பற்றி வாழ்நாளில் எவரிடமும் வாய் திறக்க மாட்டாராம். ஒரு படம்கூட எடுக்கவில்லையாம். எடுத்தால் உலகமே இங்கே வந்துவிடுமாம். அலை தேடுகிறவர்களுக்குள் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை போலும். மருமகன் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, முற்றத்தில் வந்து குந்தினார். அவருடைய முகம் தொங்கிப் போயிருந்தது. இருந்த ஒரே வெளிச்சாட்சி நெஞ்சில் கைவைத்து வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறிவிட்டது. கரையில் நின்ற இருபது பேரும் பெண்டாட்டி ஊர்க்காரர்கள். அந்தச் சாட்சி அறுகம்பேயில் எடுபடாது.

நான் கோவையை முடித்துக்கொண்டிருந்தேன். கள ஆய்வு அறிக்கை: அலை கல்வரிசையின் முனையில் தொடங்கி மூன்றாம் வாடிக்கு நேரே முடிந்தது, தூரம் செயலாளரின் எட்டில் நானூற்றுப் பன்னிரண்டு, ஆய்வாளர் அவ்வளவு தூரமும் நின்ற நிலையிலேயே பரிசோதித்தார், தோணிகளுக்கு உகந்ததல்ல. கீழே மூன்று கையெழுத்து, குழுவின் இறப்பர் முத்திரை.

மருமகன் என் தோளுக்கு மேலால் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"மாமா, இதுல ஒரு கொப்பி தர ஏலுமா? சீல் அடிச்சது."

அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டுமென்றால் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். மகளுக்காகக்கூட நான் நடைமுறையைத் தளர்த்தியதில்லை. அவர் வீட்டுக்குள் போய், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பெயர், முகவரி, ஆவணத்தின் விபரம் எல்லாம் ஒழுங்காக எழுதிக் கொண்டுவந்தார். தேவைக்கான காரணம் என்ற இடத்தில், "தேத்தண்ணிக் கடையில் காட்டுவதற்கு" என்றிருந்தது.

காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஓரத்தில் குறிப்பு எழுதி, அன்றே வழங்கினேன்.